மை.சிஎன்எஃப்

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சர்வரும், அதனுடன் வரும் கட்டளைவரி நிரல்களும் பொதுவாகப் படிக்கும் அமைப்புக் கோப்பு. விண்டோஸில் மை.ஐஎன்ஐ என்ற பெயரிலும் இருக்கும். சாதாரண உரைக்கோப்புதான், எந்த எடிட்டரிலும் திருத்தலாம்.

சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பிட்ட பகுதிகளாக இது பிரிக்கப்பட்டிருக்கும். [மைஎஸ்கியூஎல்டி] பகுதி சர்வருக்கு உரியது. [கிளையண்ட்] பகுதியை மைஎஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல்டம்ப், மைஎஸ்கியூஎல்அட்மின் முதலிய கிளையண்ட் நிரல்கள் எல்லாமே படிக்கும், சர்வர் படிக்காது. பயனர்பெயர், போர்ட் போன்றவற்றை இங்கே ஒருமுறை எழுதினால் போதும்.

சிக்கல் வருவதும் இந்தப் பொதுப் பகுதியில்தான். தனக்குத் தெரியாத அமைப்பைக் கண்டால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். தரவுத்தளப் பெயரை இங்கே எழுதிவைத்தால் மைஎஸ்கியூஎல் நிரல் ஒழுங்காக ஓடும். ஆனால் இரவில் தானாக ஓடவேண்டிய மைஎஸ்கியூஎல்டம்ப் பேக்கப் நின்றுபோகும். அந்த வரிக்கு உரிய இடம் [மைஎஸ்கியூஎல்] பகுதி. எல்லா நிரல்களும் ஏற்பதை மட்டுமே பொதுவில் வைக்க வேண்டும்.

லினக்ஸில் முதலில் இடிசி அடைவிலுள்ள கோப்பும், பின்னர் பயனரின் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்பும் படிக்கப்படும். பொதுவாகப் பின்னால் வருவதே செல்லும். கட்டளைவரியில் தருவது இரண்டையும் மீறும். எவரும் எழுதக்கூடிய அனுமதி கொண்ட கோப்பை நிரல்கள் பாதுகாப்புக்காகப் புறக்கணித்துவிடும். கடவுச்சொல் எழுதிய கோப்புக்கு 600 அனுமதியே பொருத்தம்.