சான்றுக்குக் காத்திருந்த தீவுகள்: அயல் வேட்டை விலங்குகளும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்

நியூசிலாந்தின் தென்கோடியில் ஸ்டூவர்ட் தீவு. அதற்கும் தென்மேற்கே, ஆயிரம் ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான பரப்பில் கிடக்கிறது டவுக்கிஹேப்பா. ஆங்கிலேயர் இட்ட பெயர் பிக் சவுத் கேப். ஸ்டூவர்ட் தீவை ரகியூரா என்றழைக்கும் மாவோரிக் குடும்பங்கள் ஆண்டுதோறும் படகேறி அங்கே போய், வளைகளில் கொழுத்துக் கிடக்கும் டீட்டீ என்னும் கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்துப் பதப்படுத்திக் கொண்டுவருவார்கள். தலைமுறை தலைமுறையாய் வரும் உரிமை அது. 1964 மார்ச்சில் போனவர்கள் சொன்ன செய்தி ஒன்றுதான்: தீவெங்கும் எலி. ஏதோ ஒரு படகோடு சில ஆண்டுகளுக்கு முன் கரையேறியிருக்க வேண்டும். வந்தது கப்பல் எலி, அதாவது நம் ஓட்டுக்கூரைகளில் ஓடும் அதே இனம். அதன் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம்தான்.

எலி ஏறாத கடைசிப் புகலிடங்களில் ஒன்றாக அதுவரை இருந்தது அந்தத் தீவு. முதுகில் செம்பழுப்புச் சேணம் போட்டாற்போலிருக்கும் தென்தீவு டீக்கே பறவைக்கு அதையும் அதை ஒட்டிய திட்டுகளையும் விட்டால் உலகில் வேறிடம் இல்லை. ஸ்டூவர்ட் தீவு உள்ளான், புதர் ரென் என்னும் சிட்டளவுப் பறவை, பெரிய குறுவால் வௌவால் ஆகியவற்றுக்கும் அதுவே ஏறக்குறையக் கடைசி இருப்பிடமாகிவிட்டிருந்தது.

நியூசிலாந்து வனவுயிர்ப் பணியகத்தின் பிரையன் பெல், டான் மெர்ட்டன் ஆகியோர் உடனே போய்ப் பறவைகளைப் பிடித்து எலியில்லாத திட்டுகளுக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த வித்தை கைக்கு வந்தும் இருந்தது: அதே ஆண்டு சனவரியில்தான் வடதீவு டீக்கேக்களை ஹென் தீவிலிருந்து பிடித்துப் பக்கத்துத் தீவில் விட்டிருந்தார்கள். ஆனால் மூத்த அறிவியலாளர் சிலர் இடைமறித்தார்கள். எலிதான் பறவைகளை அழிக்கிறது என்பதற்கு என்ன சான்று? எண்ணிக்கை ஏறும், இறங்கும், பிறகு சமநிலைக்கு வரும். அவசரப்பட்டுக் கைவைக்க வேண்டாம் என்பது அவர்கள் வாதம். மாதங்கள் போயின. ஆகஸ்டில்தான் மீட்புக் குழு தீவில் இறங்கியது. 36 டீக்கேக்களைப் பிடித்து இரண்டு சிறு திட்டுகளில் விட்டார்கள். பிடிபட்ட உள்ளான்கள் கூண்டிலேயே இறந்தன. புதர் ரென்களில் ஆறு, காய்மோஹு திட்டுக்குப் போயின. 1972க்குப் பிறகு அந்த இனத்தையே எவரும் பார்க்கவில்லை. வௌவாலை உறுதியாகக் கண்டது 1967இல், அதுவே கடைசி. இன்று உலகிலுள்ள தென்தீவு டீக்கேக்கள் அனைத்தும் அந்த 36இன் வழிவந்தவை.

கேட்ட சான்று கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று இனங்கள் மறைந்ததே அந்தச் சான்று. தடுத்தவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் கேட்டது அறிவியலின் வழக்கமான கேள்விதான். கேள்வியில் பிழையில்லை, அதை யார் தலையில் வைத்தார்கள் என்பதில்தான் பிழை. தீவுகளைப் பொறுத்தவரை, வந்த விலங்கு தீங்கு செய்யும் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு காப்பவர் மேல் இருக்கக் கூடாது. அது தீங்கு செய்யாது என்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுவே. இதற்கு ஒரு வரம்பும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், பெருநிலத்து அனுபவம் ஏன் தீவில் செல்லாது? நம் காட்டில் முயலும் நரியும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒன்றையொன்று அறிந்தவை. நரி பெருகினால் முயல் குறையும், முயல் குறைந்தால் நரியும் குறையும். இரை தப்பிக்கத் தெரிந்தது என்ற அடித்தளத்தின் மேல் நிற்கும் கணக்கு அது. நியூசிலாந்தில் மனிதர் வருமுன் வௌவால்களைத் தவிரத் தரைவாழ் பாலூட்டியே கிடையாது. பறவைகளை வேட்டையாடியவையும் பறவைகளே: கழுகு, பூனைப்பருந்து, வல்லூறு. அவை கண்ணால் தேடுபவை. ஆகவே பறவைகள் கற்ற தற்காப்பு, அசையாமல் நிற்பது. காகாப்போ என்னும் பறக்காத பெருங்கிளியின் பாசிப்பச்சை இறகு, காட்டுத் தரையோடு அப்படியே கலந்துவிடும். ஆபத்து வந்தால் அது ஓடாது, இருந்த இடத்தில் உறைந்துபோகும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது இல்லாத பொருள். ஆனால் அதன் உடலிலிருந்து பூமணமும் தேன்மணமும் கலந்தாற்போல் ஒரு வாசம் வீசும். மோப்பம் பிடித்து வரும் பூனைக்கு வாசமும் காட்டி, ஓடாமலும் நின்றால் என்ன ஆகும்? உலக நிலப்பரப்பில் தீவுகள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அண்மை நூற்றாண்டுகளில் மறைந்த பறவையினங்களில் மிகப் பெரும்பாலானவை தீவுக்குரியவை.

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் எழுந்தது. காவலரின் பூனை பறக்காத ஒரு சிறு பறவையைக் கவ்விக் கொண்டுவந்தது. அறிவியல் அதற்கு லையல் ரென் என்று பெயர் சூட்டி முடிப்பதற்குள் அந்த இனமே போய்விட்டது. ஒரே பூனை ஓர் இனத்தையே தின்றது என்று கதை சொல்கிறது. பழைய கடிதங்களையும் அருங்காட்சியகப் பதிவுகளையும் 2004இல் மறுபடி புரட்டிப் பார்த்த ஆய்வு, இதை ஏற்கவில்லை. பூனைகள் காட்டில் பெருகிவிட்டிருந்தன. அழிவும் சில ஆண்டுகள் நீடித்தது. ஒற்றைப் பூனைக் கதை ஏன் இத்தனை பிடித்துப்போனது என்று யோசித்தால், பழியை ஒரு செல்லப்பிராணியின் மேல் போட்டுவிடலாம் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பூனையைப் படகில் ஏற்றியது யார் என்று கதை கேட்பதில்லை.

சான்றுச் சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது பசிபிக்கிலுள்ள குவாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவச் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு அங்கே வந்து சேர்ந்தது. 1960களில் தீவின் தெற்கே பறவைகள் குறையத் தொடங்கின. அந்த மௌனம் மெல்ல வடக்கே நகர்ந்தது. பூச்சிக்கொல்லி, நோய், புயல், வேட்டை என்று ஒவ்வொன்றையும் சந்தேகித்தார்கள். பாம்பைச் சந்தேகிக்க மட்டும் தயங்கினார்கள், ஏனெனில் பாம்பு ஒரு தீவின் பறவைகளையே துடைத்தெடுத்ததாக முன்னுதாரணம் இல்லை. 1980களில் ஆய்வாளர் ஜூலி சாவிட்ஜ் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே சோதித்தார். பூச்சிக்கொல்லி எச்சமும் நோயும் அழிவை விளக்கவில்லை. பாம்பு பரவிய தடமும் பறவைகள் மறைந்த தடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. கூண்டில் காடைகளை வைத்துவிட்டுப் போனால் பாம்பு வந்து எடுத்தது. குவாமை ஒட்டிய, பாம்பில்லாத கோக்கோஸ் திட்டில் காடைகள் பிழைத்தன. 1987இல் வெளியான அவர் கட்டுரை முறையியலுக்கு நல்ல பாடம். அது அச்சேறியபோதோ, குவாமின் 12 காட்டுப் பறவையினங்களில் பெரும்பாலானவை தீவில் இல்லை. இறுதிக் கணக்கில் 10 போயின. குவாம் மீன்கொத்தி பல பத்தாண்டுகள் விலங்குக்காட்சியகங்களில் மட்டுமே உயிர்வாழ்ந்தது. 2024இல் ஒன்பது மீன்கொத்திகளைக் காட்டில் விட்டார்கள். குவாமில் அல்ல, பாம்பில்லாத பால்மைரா பவளத்தீவில்.

‘முன்னுதாரணம் இல்லை’ என்பது இங்கே ஒரு வாதமாகவே ஆகாது. ஒவ்வொரு தீவும் முதன்முறையாகத்தான் அழிகிறது.

இனி வரம்பு. காத்திருக்காதே என்றால் கண்ட விலங்கையெல்லாம் கொல் என்று பொருளாகாது. எதை முதலில் நீக்குவது என்ற அறிவில்லாமல் கைவைத்த தீவுகளும் பட்டிருக்கின்றன. ஆக்லாந்துக்கு அருகிலுள்ள ஹவுட்டுருவில் 1980இல் கடைசிப் பூனையையும் ஒழித்தார்கள். அங்கே வளைதோண்டி முட்டையிடும் குக் பெட்ரல் என்னும் கடற்பறவை இனி தழைக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. பூனைகள் பெட்ரலை மட்டுமல்ல, மாவோரிகளின் முன்னோரோடு வந்த கியோரே எலியையும் தின்றுவந்தன. பூனை போனதும் எலிக்குக் கொண்டாட்டம். முன்பு மூன்றில் ஒன்று என்ற அளவில் குஞ்சு தேறிய வளைகளில், பத்தில் ஒன்று தேறுவதே அரிதாயிற்று. 2004இல் எலியையும் நீக்கிய பிறகே பாதிக்கு மேல் தேறத் தொடங்கின.

தென்கடலிலுள்ள மக்குவாரித் தீவில் இதே முடிச்சு இன்னும் சிக்கலானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பூனைகளோடு அத்தீவின் கிளி பல பத்தாண்டுகள் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. 1880 வாக்கில் முயலைக் கொண்டுவந்து விட்டார்கள். கடற்பறவைகள் இல்லாத குளிர்காலத்தில் பட்டினி கிடந்த பூனைக்கு ஆண்டு முழுதும் முயல்கறி கிடைத்தது, பூனை பெருகியது, ஏறத்தாழப் பத்தாண்டில் கிளி இல்லை. முயல் ஒரு கிளியையும் கடிக்கவில்லை. நூறாண்டுக்குப் பின் அதே தீவில் 2000இல் பூனையை ஒழித்தபோது, முயல் பெருகி மலைச்சரிவுகளின் புல்லையும் பெரிய இலைச் செடிகளையும் மொட்டையடித்தது. முயலைக் குறைக்க விட்டிருந்த மிக்சோமா வைரஸின் வீரியம் குறைந்ததும் காரணம் என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. எப்படியானாலும் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒருசேர நீக்கும் வேலை பிறகு தேவைப்பட்டது. ஏறத்தாழ 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில் அது முடிந்து, 2014இல் தீவு விடுபட்டதாக அறிவித்தார்கள்.

இந்த இரண்டு தீவுகளையும் காட்டி, ‘பார்த்தீர்களா, பொறுத்திருந்திருக்கலாம்’ என்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. பூனையை விட்டுவைத்திருந்தால் பெட்ரலும் மெல்லச் செத்திருக்கும். பிழை விரைவில் இல்லை, தீவை ஒரு பின்னலாகப் பார்க்காமல் ஒரு பகைவனைத் தேடியதில்தான்.

‘எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?’ என்ற கேள்வி நச்சிட்டு ஒழிப்பதற்கு எதிராக எழும். எளிதில் ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல அது. தீவுகளில் பெரிதும் பயன்படும் புரோடிஃபாகூம் என்னும் நச்சு, இரத்தம் உறையவிடாமல் செய்வது. உண்ட எலி உடனே சாகாது, சில நாள் உள்ளே கசிந்து சாகும். செத்ததைத் தின்னும் பறவைக்கும் அது ஏறும். மக்குவாரியில் ஸ்குவாக்கள், கடற்காக்கைகள், ராட்சதப் பெட்ரல்கள் என நூற்றுக்கணக்கான கடற்பறவைகள் அப்படி இறந்தன. அதன் பிறகு முறையை மாற்றி, முயல்களை முதலில் நோய்க்கிருமியால் குறைத்துவிட்டு நச்சிட்டார்கள், பிணங்கள் குறையட்டும் என்று. எலிக்கும் வலி உண்டு. அதை மறைத்துப் பேசும் காப்பாளர்களை நான் நம்புவதில்லை. ஆயினும் தீவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே கொலைக்கு முடிவு இருக்கிறது. 1976இல் நியூசிலாந்து நிபுணர்கள் கூடிப் பேசியபோது, தீவிலிருந்து எலியை முற்றாக ஒழிப்பது ஏறக்குறைய நடவாத காரியம் என்றே கருதினார்கள். 1988இல் 170 ஹெக்டேர் பிரேக்ஸீ தீவில் ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, வடிகால் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளுக்குள் நச்சு வில்லை வைத்து, சில வாரங்களில் முடித்துக் காட்டினார்கள். 2001இல் ஹெலிகாப்டரிலிருந்து தூவி 11,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட கேம்பல் தீவை எலியிடமிருந்து மீட்டார்கள். ஒருமுறை கொன்றால் போதும், பிறகு எந்த எலியும் அங்கே நஞ்சுண்டு சாக வேண்டியதில்லை. பெருநிலத்தில் இந்தக் கணக்கு செல்லாது. எலி, கீரி போன்ற ஸ்டோட், பைப்பாலூட்டியான போசம் ஆகியவற்றை நாடு முழுவதிலுமிருந்து 2050க்குள் அகற்றுவோம் என்று நியூசிலாந்து அரசு 2016இல் அறிவித்த இலக்கின்மேல் எனக்கு ஐயம் இருப்பதும் இதனால்தான். முடிவில்லாத இடத்தில் ஆண்டுதோறும் கொல்வதற்கு இதே நியாயத்தை அப்படியே நீட்ட முடியாது.

மீட்ட தீவைக் காப்பது மீட்பதைவிடக் கடினம். முயலைப் பிடிக்கவென்று, பறவையியலாளர்கள் எச்சரித்தும் கேளாமல், 1880களில் நியூசிலாந்தில் இறக்கிய ஒல்லி உடல் ஸ்டோட், கீரியைப் போன்ற சுறுசுறுப்பு உடையது. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தும். 1894இலிருந்து ரிச்சர்ட் ஹென்றி என்னும் காப்பாளர், வாய்க்கூடு போட்ட நாயின் துணையோடு காகாப்போக்களையும் கிவிகளையும் தேடிப் பிடித்து, துடுப்புப் படகில் நூற்றுக்கணக்கில் ரெசல்யூஷன் தீவுக்கு ஏற்றிச் சென்றார். 1900இல் அங்கே ஒரு ஸ்டோட் தென்பட்டது. அவர் உழைப்பு அத்தோடு வீண். இன்று காகாப்போக்கள் வாழும் தீவுகளுக்குப் போகிறவர்கள், அடைத்த அறைக்குள் பையைக் கவிழ்த்துக் கொட்டி, காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய விதை வரை நோண்டி எடுத்த பிறகே படகிலோ ஹெலிகாப்டரிலோ ஏறுகிறார்கள். மூட்டைக்குள் ஓர் எலி இல்லை என்பதைப் பயணிதான் மெய்ப்பிக்க வேண்டும். அங்கே பொறுப்பு சரியான தலையில் இருக்கிறது. 1995இல் 51ஆக இருந்த காகாப்போக்கள் 2022இல் 252ஆயின.

நமக்கு அருகில் இந்தக் கேள்வி எழுந்திருக்கும் இடம் அந்தமான். எலியும் பூனையும் இல்லை, இம்முறை தவளை. பெருநிலத்து வயல்களில் மழைக்குக் கத்தும் நம் பெரிய மஞ்சள் தவளை, வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து அங்கே போயிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். மக்கள் குடியிருக்கும் தீவுகளில் பெரும்பாலானவற்றில் இன்று அது பரவியிருக்கிறது. அதன் தலைப்பிரட்டை ஊன் தின்னி. அந்தமானுக்கே உரிய சிறு தவளைகளின் தலைப்பிரட்டைகளோடு ஒரே தொட்டியில் விட்டுச் சோதித்தபோது அவற்றைத் தின்று தீர்த்தது. தொட்டியில் நடந்தது குளத்திலும் நடக்குமா என்று கேட்கலாம். 1964இல் கேட்டதும் ஏறக்குறைய இதுவே. மே மாதம் அங்கே முதல் மழை விழும். வயலோரப் பள்ளங்களில் நீர் நிற்கும். இரண்டு தவளைகளும் ஒரே பள்ளத்தில்தான் முட்டையிடும்.