கண்ணாடிக்குள் கிடக்கும் மூச்சு

பாகூர் கொம்யூனில் ஒரு சேரி எனக்கு. சின்ன வயசில் கண்ணாடியைத் தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறேன். டீக்கடையில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்களுக்குக் கொட்டாங்கச்சி. பிறகு அது அலுமினிய லோட்டாவாக மாறியது. அதையும் நாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். "ஏன் ஆயா நமக்கு மட்டும் கிளாஸ் தரமாட்டேங்குறான்?" என்று ஒரு நாள் கேட்டேன். "நம்ம வாய் பட்டா அவங்களுக்குத் தீட்டுடா" என்றாள் ஆயா. வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த வாயை வைத்துத்தான் பிற்பாடு முப்பது வருஷம் கண்ணாடி ஊதிப் பிழைத்தேன். புதுச்சேரிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, மாஸ்டர் பக்கத்தில் நின்று தொழில் கற்றுக்கொண்டு, கடைசியில் நானே மாஸ்டராக ஓய்வு பெற்றேன். என் கதையை மட்டும் சொல்ல இதை எழுதவில்லை. கைக்கும் படிப்புக்கும் நடுவில் நம் நாட்டில் எழுப்பிய சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வேதியியல் ஆய்வகத்தில் கடையில் கிடைக்கும் பீக்கரும் குடுவையும் மட்டும் போதாது. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய் வரிசை வேண்டும், இரட்டைச் சுவர் வைத்த குடுவை வேண்டும். ஒருவருடைய ஆராய்ச்சிக்கு மட்டும் பொருந்துகிற, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு உருவம் வேண்டும். மாணவர் காகிதத்தில் கோணல்மாணலாகப் படம் போட்டுக் கொண்டுவருவார். "மாஸ்டர், நாளைக்குக் கெடைக்குமா?" என்பார். அதைப் பண்ணித் தருகிறவன்தான் நான்.

போரோசிலிக்கேட் கண்ணாடி ஏறக்குறைய 820 டிகிரியில் இளகும். ஆக்ஸிஜன் கலந்த தீயில் காட்டி, இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் உருட்ட வேண்டும். ஒரு கை முந்தினாலும் குழாய் முறுக்கிக்கொள்ளும். இளகிய நேரம் பார்த்து ரப்பர் குழாய் வழியாக அளவாக ஊத வேண்டும். சாதாரணக் கண்ணாடி சூட்டில் போரோசிலிக்கேட்டைப்போல மூன்று மடங்கு விரியும். இரண்டையும் ஒட்டினால் ஆறும்போது வெடிக்கும். முடித்த சாமானை 560 டிகிரி சூளையில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத இறுக்கம் உள்ளே தங்கி, என்றைக்கோ ஒரு நாள் தானாக விரிசல் விடும்.

இந்த வேலை எங்கள் மண்ணுக்குப் புதுசில்லை. பாகூரிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்ச் சேருகிற தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. அங்கே 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மறுபடி தோண்டினார்கள். ரோமாபுரி ஜாடியும் பானை ஓடும் கிடைத்ததென்று உலகம் பேசியது. அதே மண்ணில் கண்ணாடி மணிகளும் குவியல் குவியலாகக் கிடந்தன. இந்த வகை மணிகள் இலங்கை மாந்தை, தாய்லாந்து, வியத்நாம் என்று கடல் கடந்து பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார். இளகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கி முனை மழுக்குவது இதன் முறை. ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறையில் மணி செய்ததை அவர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

அரிக்கமேட்டில் உலை மூட்டியவர்கள் என்ன சாதி என்று நான் சொல்ல வரவில்லை. ஆதாரம் இல்லாமல் உரிமை கொண்டாடுவது வரலாறு ஆகாது. நான் சொல்வது ஒன்றுதான். அவர்கள் செய்த மணி இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக என் ஊரின் புகழைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு இருக்கிறது. பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று கிராமங்களின் வருமானத்தைக் கொடுத்த சாசனம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊரில் உயர்கல்வி இருந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். இருந்தது. வேதம் ஓதியவர்களுக்கு இருந்தது. அந்த மூன்று கிராமத்து வயலில் இறங்கி அண்டை வெட்டி, நாற்று நட்டு, களத்தில் நெல் தூற்றியவர்கள் அந்தக் கல்லூரிக்குள் நுழைந்திருப்பார்களா? படிப்புக்குச் செப்பேடு. உழைப்புக்கு ஒரு ஓலைத் துண்டுகூட இல்லை.

இந்தச் சுவரால் அறிவியலுக்கே கேடு வந்தது என்று சொன்னவர் வங்காள வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய். 1902இலும் 1909இலும் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய இந்து வேதியியல் வரலாற்றில் இதை எழுதினார். கைத்தொழிலைக் கீழ்ச்சாதியென்று ஒதுக்கியவர்களிடம் தள்ளிவிட்டு, படித்த கூட்டம் கையைக் கழுவிக்கொண்டது. ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கம் அதோடு செத்தது என்பது அவர் வாதம். அவர் தலித் அல்லர். ஆய்வகத்தில் நின்று வேலை பார்த்தவர், அதனால் அவருக்கு அது தெரிந்தது.

ஐரோப்பாவிலும் கைக்கு முழு மரியாதை கிடைத்துவிடவில்லை. 1897இல் எலக்ட்ரானைக் கண்டவர் ஜே.ஜே. தாம்சன் என்று படிக்கிறோம். அந்தக் கண்ணாடிக் குழாய்களை ஊதித் தந்தவர் எபநேசர் எவரெட் என்ற உதவியாளர். தாம்சன் கை பட்டால் சாமான் உடையும் என்று பயந்தார்களாம். 1906இல் நோபல் பரிசு தாம்சனுக்கு. ஆனால் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் கைஸ்லர் என்ற கண்ணாடி ஊதுபவருக்கு 1868இல் பான் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1857இல் அவர் செய்த மின்குழாய்கள் இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. இங்கே 1928இல் ராமனும் கிருஷ்ணனும் அறுபது வகை திரவங்களில் ஒளிச்சிதறலைப் பார்த்தார்கள். தூசு இல்லாத திரவம் வேண்டும், அதற்குக் காற்று நீக்கிய கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியை ஊதியது யார் என்று நான் பார்த்த எந்தப் பாடப்புத்தகமும் கேட்கவில்லை.

இனி என் பங்குக்கு ஒன்று. பேராசிரியர் ஒருவருக்குத் தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கருவி செய்து கொடுத்தேன். என் எதிரிலேயே உதவியாளரிடம், "மூணு தடவ ஆசிட்ல கழுவுப்பா, நல்லா கழுவு" என்றார். ஆசிட்டில் கழுவுவது ஆய்வக வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்த மாஸ்டர் செய்து தந்தபோது ஒரு தடவைதான் கழுவினார்கள். அவர் ஊர்க்காரர், நான் சேரிக்காரன். 560 டிகிரி சூளையில் கிடந்து வந்த கண்ணாடியில் எச்சில் எங்கே இருக்கும்? டிகிரி தெரிந்தவருக்கு இந்த டிகிரி தெரியாதா? அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்ன முடியவில்லை. ஆயா சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

பட்டறையில் ஒரு பதிவேடு உண்டு. தேதி, துறை, சாமான், எண்ணிக்கை. செய்தவர் என்ற கட்டம் கிடையாது. மறுநாள் முதல் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் போட ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நான் வந்தபிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. லேத் மேல் துணி மூடிக் கிடக்கிறதாம். என் தங்கச்சி மகள் வேறொரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி பண்ணுகிறாள். போன மாசம் போன் செய்தாள். "மாமா, ஜாயின்ட் ஒண்ணு வெடிச்சிடுச்சி. புதுசு வாங்க மூணு மாசம் ஆகும்ங்கறாங்க" என்றாள். எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பழைய பர்னரைத் துடைத்து, எரிவாயுவும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் பிடித்து, கொல்லைப்புறத்துக் கொட்டகையில் ஒட்டிக் கொடுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது, ஒட்டு நின்றது. ஊதும்போது பக்கத்தில் நின்று பார்த்தவள், "எனக்கும் சொல்லிக் குடு மாமா" என்றாள். படிக்கிறவளே ஊதவும் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள்.

வில்லியனூரிலும் பாகூரிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க அப்பனும் ஆத்தாளும் மில்லிலோ, ஆஸ்பத்திரியிலோ, கல்லூரியிலோ என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள், பெயரோடு. பென்சில் எழுத்து அழிந்துவிடும். இந்தத் தடவை மையில் எழுதுங்கள்.