சூதாட்ட நகரும் பட்டிப்பளை ஆறும்

கல்முனைக்கும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகருக்கும் ஓர் உறவு உண்டு என்று எவரேனும் சொன்னால், கேட்போர் நகைக்கவே செய்வர். ஒன்று, கடலும் வயலும் பள்ளிவாசலும் கோயிலும் சூழ்ந்த கீழ்க்கரைப் பட்டினம். மற்றது, பாலைவனத்தின் நடுவே இரவைப் பகலாக்கிச் சூதாட்டத்தால் வளர்ந்த நகரம். ஆயினும் உறவு உண்டு. அந்நகருக்கு அண்மையிலே ஹூவர் அணையைக் கட்டிய ஆறு கம்பனிகளுள் ஒன்றாகிய மொறிசன் நூட்சன் கம்பனியே, பின்னாளில் நமது பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டியது.

இன்று நம் பிள்ளைகளிற் பலர் வெளிநாடுகளில் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோரை விடுமுறை நாள்களிலே லாஸ் வேகாசுக்கு அழைப்பதும் உண்டு. சூதும் மதுவும் விலக்கப்பட்ட மார்க்கத்தவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். சூதுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் அவ்வாறே கேட்டிருப்பார். எனினும் ஒரு பொருளையும் பந்தயம் வைக்காமலே அந்நகரைப் பார்த்து வரலாம், பார்க்கத்தக்கதும் உண்டு. அதற்கு அந்நகர் எப்படித் தோன்றியது என்பதை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

லாஸ் வேகாஸ் என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் புல்வெளிகள் என்று பொருள். பாலைவனத்திற் புல்வெளி இருந்தமைக்குக் காரணம் அங்கே ஊற்றெடுத்த நீர். வணிகர் கூட்டம் தங்கி, கோவேறு கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிச் சென்ற இடம் அது. 1905ஆம் ஆண்டு மே மாதத்திலே புகைவண்டிக் கம்பனியார் நிலத்தைத் துண்டு துண்டாக ஏலம் விட்டனர், நகரம் பிறந்தது. நீராவி வண்டிகளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்ததே அந்த இடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம். ஆகவே அந்நகரத்தின் தாய் சூது அன்று, நீர்.

நெவாடா மாநிலத்திலே 1910 முதல் சூதாட்டம் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது என்பதைப் பலர் அறியார். உலகப் பொருளாதார மந்தத்தால் வருவாய் வற்றிய காலத்திலே, 1931 மார்ச்சில், அம்மாநிலம் மீண்டும் அதற்கு அனுமதி அளித்தது. அதே ஆண்டில் கொலராடோ ஆற்றை மறிக்கும் பெருவேலையும் தொடங்கியது. வேலை தேடி நாடெங்குமிருந்து மனிதர் வந்து குவிந்தனர். மிகுதியான காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் அங்கு உழைத்தனர். சம்பளம் கையிற் கிடைத்ததும் அதைச் செலவிட ஓர் இடம் வேண்டுமல்லவா? முப்பது மைலுக்கு அப்பால் லாஸ் வேகாஸ் காத்திருந்தது.

இங்கே ஒரு விந்தை உண்டு. அணைத் தொழிலாளர் குடியிருக்க அரசாங்கம் போல்டர் சிற்றி என்னும் தனி நகரை அமைத்தது. அங்கே சூதாட்டமும் மதுவும் தடுக்கப்பட்டன. மதுத் தடை பின்னர் நீங்கிற்று; சூதாட்டத் தடையோ இன்றும் நிலைத்திருக்கிறது. சூதாட்ட மாநிலத்தின் நடுவே, சூதாட்டமில்லாத அமைதியான ஊர் ஒன்று! குடும்பத்துடன் செல்வோர் லாஸ் வேகாசின் பேரொளிக் கூடங்களை விட்டு இவ்வூரிலே தங்குவதைப் பற்றிச் சிந்திக்கலாம். அணைக்கும் அது மிக அருகில் உள்ளது. அந்தக் காலத்திலே கறுப்பின மக்களுக்கு அந்நகரிற் குடியிருக்க இடமில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

1931இன் கோடை மிகக் கொடியது. வெப்பந் தாங்காது தொழிலாளர் மடிந்தனர்; ஓகஸ்ட் மாதத்தில் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. அரசாங்கக் கணக்கின்படி அவ்வணையின் வேலையில் இறந்தோர் 96 பேர். 726 அடி உயரமுள்ள அக்கொங்கிறீற்றுச் சுவரை 1935 செப்டெம்பரில் சனாதிபதி றூஸ்வெல்ற் திறந்துவைத்தார். அதன் பின்னே விரிந்த நீர்ப்பரப்புக்கு மீட் ஏரி என்று பெயர்.

இனி நம் கரைக்கு வருவோம். ஊவா மலைச்சாரலிலே தோன்றிக் கீழ்க்கரையை நாடி ஓடும் கல்லோயாவை நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றே அழைத்தனர். மாரியில் பெருக்கெடுத்து வயல்களை மூழ்கடிப்பதும், கோடையிலே மணலாய்க் கிடப்பதும் அதன் இயல்பு. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் போடிமார் இந்த இரண்டிற்கும் நடுவிலேதான் வெள்ளாண்மை செய்தனர். பிரித்தானிய ஆட்சியில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1855 முதல் 1860 வரை ஆண்ட காலத்திலே இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. அதனால் நெல் விளைவு பெருகியது. ஆயினும் ஆற்றை முழுதாக அடக்கும் எண்ணம் சுதந்திரத்தின் பின்னரே நிறைவேறிற்று.

முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க இவ்வேலையைத் தம் பெருங்கனவாகக் கொண்டார். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அணைக்கட்டு வேலை மொறிசன் நூட்சன் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. பாலைவனத்திலே பாறைக்கும் வெப்பத்திற்கும் ஈடுகொடுத்த கம்பனி, இங்கே யானைக்காட்டையும் மாரி மழையையும் சந்தித்தது. அங்கே கொங்கிறீற்று, இங்கே மண்ணணை. மண்ணை வாரிக் குவித்து உருளைகளால் இறுக்கிய அந்த இயந்திரங்களின் அளவை நம் நாடு அதற்குமுன் கண்டிருக்கவில்லை. இவ்வாறு எழுந்த சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி. மீட் ஏரியோ இதைப்போல் முப்பது மடங்கிற்கும் மேற்பட்டது.

ஆனால் நீர் வந்தபோது அதனுடன் சச்சரவும் வந்தது. புதிதாகத் திருத்திய காணிகளிலே மலைநாட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்த சிங்களக் குடும்பங்கள் பெருந்தொகையாகக் குடியேற்றப்பட்டன. கீழ்க்கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சில குடியேற்றங்கள் கிடைத்தன எனினும், இவ்வாற்றை நம்பித் தலைமுறை தலைமுறையாய் உழுத மக்கள் தம் மாவட்டம் தம் கையிலிருந்து நழுவுவதாகவே கருதினர். 1956 யூன் மாதத்திலே, சிங்களம் மட்டும் சட்டம் கொணரப்பட்ட வேளையில், கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழர் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. கல்முனையும் சம்மாந்துறையும் அதனுட் சேர்ந்தன. தலைநகரோ உள்நாட்டு அம்பாறை ஆயிற்று. கந்தோர்க் காரியம் எதுவாயினும் கரையோர மக்கள் அங்கே செல்ல வேண்டியதாயிற்று. அணை ஒன்று வயலுக்கு நீரைத் தருவதோடு, யார் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதையும் மாற்றிவிடுகிறது.

வாய்க்காலின் கதையும் அத்தகையதே. தலைவாய்க்காலில் உள்ளவன் தேவைக்கு மேல் நீரை எடுத்தால், கடைவாய்க்காலில் உள்ளவனுக்குச் சேறுங் கிடையாது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியிற் பெரும்பாலும் சிங்கள உழவர், கடைப்பகுதியிலே தமிழ் பேசும் உழவர் என்ற நிலையில், இது வெறும் நீர்ப்பங்கீட்டுச் சிக்கலாக மட்டும் நிற்கவில்லை. 1981இல் உழவர் குழுக்கள் அமைக்கப்பட்டு, முறை வைத்து நீர் விடும் ஒழுங்கு தொடங்கிற்று. தலைப்பகுதியார் தம் மதகுகளை அடைத்துக் கடைப்பகுதியாருக்கு நீர் விட்ட செய்தி, நாட்டிலே பகைமை முற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நிகழ்ந்தது. நீர்ப்பாசன அறிஞர்கள் இன்றும் உலகெங்கும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு இடமில்லாதது வருந்தத்தக்கது.

நேயர்களே, இவ்வளவும் மனத்திற்கொண்டு லாஸ் வேகாஸ் செல்வோர் பிரயாணத்தை எப்படி வகுக்கலாம் என்று பார்ப்போம். முதலாவது காலம். யூன் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை செல்லாதிருத்தலே உத்தமம். யூலையின் பகல் வெப்பம் சாதாரணமாகவே நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும். நம் கரையின் வெயிலுக்குப் பழகியவர்களும் இதனைக் குறைவாக எண்ணக் கூடாது. நம் வெயிலிலே ஈரம் உண்டு, அங்கோ வியர்வை தோன்றுமுன்னரே உலர்ந்துவிடும், தாகம் தெரியாமலே உடல் நீரை இழக்கும். மார்ச் முதல் மே வரையும், ஒக்டோபர், நவெம்பரும் ஏற்றவை. மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும்; கம்பளியுடை வேண்டும்.

தங்குமிடத்தின் விலையிலே ஒரு சூது உண்டு. சூதாடுவோரை வரவழைக்கவே ஹோட்டல்கள் அறைகளை மலிவாக அறிவிப்பது நெடுங்கால வழக்கம். ஞாயிறு முதல் வியாழன் வரை வாடகை குறைவு. வெள்ளி, சனி இரவுகளிலே அது பன்மடங்காகும். பெரிய வணிக மாநாடுகள் நடக்கும் வாரங்களிலும் அவ்வாறே. அறிவித்த விலைக்கு மேல் நாட்கட்டணம் ஒன்றும், வண்டி நிறுத்தும் கட்டணமும் சேர்வது வழமை. முன்பதிவின்போதே மொத்தத் தொகையைக் கேட்டறிக. சூதாட்டக் கூடத்தின் நடுவாகவே அறைக்குச் செல்லும் பாதை அமைந்திருக்கும், அது தற்செயலன்று. இருபத்தொரு வயதிற்குட்பட்டோர் அங்கே நடந்து செல்லலாம், நிற்கக் கூடாது. பிள்ளைகளுடன் செல்வோர் சூதாட்டமில்லாத ஹோட்டல்களைத் தேடிக்கொள்வது நல்லது, அத்தகையனவும் உள்ளன.

நகரிலே பள்ளிவாசல்களும் ஹலால் உணவகங்களும் இருக்கின்றன. கிப்லா மட்டும் நம்மவரைத் திகைக்க வைக்கும். இங்கே மேற்கிற்குச் சற்று வடக்காக நோக்கித் தொழுபவர், அங்கே வடகிழக்கை, அதிலும் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து, நோக்க வேண்டும். பூமி உருண்டை என்பதன் பயன் இது.

வாடகை மோட்டார்க்கார் எடுப்போர் புறப்படுமுன்னரே சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்க. கடனட்டை இல்லாதவருக்கு வண்டி தருவது அரிது; இருபத்தைந்து வயதிற்குட்பட்ட சாரதிக்கு மேலதிகக் கட்டணம் உண்டு. வீதியின் வலப்புறமாக ஓட்ட வேண்டும். முதல் நாளிலே நெடும் பிரயாணம் செய்யாது, ஹூவர் அணைவரை மட்டும் சென்று கை பழகலாம். 2010இல் திறக்கப்பட்ட உயர்ந்த பாலத்தின் வழியாகவே பெருவீதி செல்கிறது. பழைய வீதியால் அணையின் மேலேயே சென்று இறங்கி நடக்கலாம். பாலத்திலும் நடைபாதை உண்டு. அங்கிருந்துதான் அணை முழுதாகத் தெரியும். காலையிலேயே செல்க.

அதற்கு மேல் செல்ல விரும்புவோர்க்கு வடகிழக்கிலே செம்பாறைகள் நிறைந்த நெருப்புப் பள்ளத்தாக்கு ஒரு பகற்பொழுதுக்குப் போதும். கொலராடோ குடைந்த மாபெரும் மலைப்பிளவின் தென்விளிம்போ ஏறத்தாழ 280 மைல். ஒரே நாளிற் போய்த் திரும்ப எண்ணுவது வீண் அலைச்சல், ஓரிரவு தங்குக. அரிசோனா மாநிலம் கோடையிலே கடிகாரத்தை முன்னே தள்ளுவதில்லை. ஆதலின் குளிர்காலத்தில் அங்கே ஒரு மணி கூடுதலாக இருக்கும், கோடையில் நெவாடாவின் நேரமே. 1913இல் 56.7 பாகை செல்சியஸ் பதிவான மரணப் பள்ளத்தாக்கிற்குக் கோடையில் போகாதிருத்தலே அறிவுடைமை. எங்கே சென்றாலும் வண்டியில் ஆளுக்கு ஒரு கலன் தண்ணீரும், பாதிக்கு மேல் பெற்றோலும் இருக்க வேண்டும். யூலை முதல் செப்டெம்பர் வரை திடீர் வெள்ளம் வரண்ட ஓடைகளிலே சுவர்போல் வரும்; பட்டிப்பளை ஆற்றின் பழைய பெருக்கைக் கேட்டறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மீட் ஏரியின் கரைப்பாறைகளிலே ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். முன்பு நீர் நின்ற உயரம் அது. 2022 யூலையில், 1937க்குப் பின் கண்டிராத அளவுக்கு நீர் தாழ்ந்தது. லாஸ் வேகாஸ் தன் தண்ணீரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை இவ்வேரியிலிருந்தே பெறுகிறது. நெவாடாவுக்கு ஆற்றிலே ஆண்டுதோறும் உரிய பங்கு 3,00,000 ஏக்கர் அடிதான். நம் சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தால் அதில் இரண்டரை ஆண்டுப் பங்கு அடங்கும். ஆகையால் அந்நகரம் வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் ஏரிக்கே விடுகிறது. 2021இல் அழகுக்காக மட்டும் வளர்க்கும் புற்றரைகளை அகற்றச் சட்டமும் இயற்றப்பட்டது. புல்வெளிகள் என்று பெயர்பெற்ற ஊர் புல்லைப் பிடுங்குகிறது.

அமெரிக்கா செல்ல வாய்ப்பில்லாதோர் காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே திரும்புக. சம்மாந்துறை வயல்களைக் கடந்து அம்பாறை, அங்கிருந்து இங்கினியாகலை. காலையிற் புறப்பட்டால் மாலைக்குள் வீடு திரும்பலாம். படகிலே செல்ல விரும்புவோர் மார்ச் முதல் யூலை வரையுள்ள மாதங்களைத் தெரிந்துகொள்க. தீவிலிருந்து தீவுக்கு யானைகள் நீந்திச் செல்வதை அப்போதுதான் காணலாம். படகுகள் விடியலிலும் பிற்பகலிலும் புறப்படும். விடியற்படகே நல்லது, காற்று எழுவதற்குமுன் நீர் கண்ணாடிபோற் கிடக்கும்.