ஜன்னலுக்கு வரி போட்ட காலம்

ஐரோப்பாவுக்குப் போய்வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பழைய வீடுகளில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருக்கும். பல வீடுகளில் அதற்குக் காரணம் வரி.

இங்கிலாந்தில் முன்பு அடுப்பு வரி இருந்தது. அடுப்பை எண்ண அதிகாரி வீட்டுக்குள் வருவதை ஜனங்கள் வெறுத்தார்கள். 1689இல் அதை எடுத்துவிட்டார்கள். 1696இல் ஜன்னல் வரி வந்தது. தெருவில் நின்றபடியே எண்ணிக்கொள்ளலாம். குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் அதிலுள்ள சௌகரியம் எனக்கு நன்றாகவே புரிகிறது! வீட்டுக்காரர்கள் கொத்தனாரைக் கூப்பிட்டார்கள்.

பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டையும் ஒரே வீடாகத்தான் கணக்கிட்டார்கள். வரி கட்டுபவர் சொந்தக்காரர், அடைத்தவரும் அவரே. இருட்டில் கிடந்தது குடியிருந்தவர்கள். 1781இல் கார்லைல் நகரில் விஷக்காய்ச்சல் பரவியபோது, மருத்துவர் ஜான் ஹேஷம் அதன் தொடக்கத்தை ஏழைக் குடும்பங்கள் சுமார் ஆறு வசித்த ஒரு வீட்டில் கண்டார். வரிக்குப் பயந்து அங்கே முடிந்தவரை ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். உள்ளே காற்றோட்டமே இல்லை.

பிரான்சு மட்டும் சளைத்ததா? புரட்சிக்குப் பிறகு, 1798 நவம்பரில், கதவுக்கும் சேர்த்து வரி போட்டார்கள். நிலவரி முதலான மற்ற மூன்று வரிகளோடு இதையும் சேர்த்து 'நான்கு கிழவிகள்' என்பது பிரெஞ்சுக்காரர் வழக்கு. இந்தக் கிழவி 1926 வரை உயிரோடிருந்தாள். 'ஏழை படும் பாடு' என்று நம்மவர் அறிந்த விக்தோர் யுகோவின் நாவலில், பாதிரியார் தம் பிரசங்கத்தில் இந்த வரியைச் சாடுகிறார். வாசல் ஒன்றைத் தவிர வேறு திறப்பே இல்லாத குடிசைகள் 3,46,000 என்று அவர் கணக்குச் சொல்கிறார்.

அடைத்த ஜன்னல் எல்லாமே வரியால் வந்ததல்ல. முகப்பு இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்று, கட்டும்போதே மூடிக் கட்டியதும் உண்டு. அப்படிக் கட்டியதில் செங்கல் வரிசை சுற்றுச்சுவரோடு பின்னிப் போகும். பிறகு அடைத்ததில் இரண்டு ஓரமும் மேலிருந்து கீழாக நேர்க்கோடு தெரியும். செங்கல்லும் சற்று நிறம் மாறியிருக்கும். இங்கிலாந்தில் 1851இல் வரியை எடுத்த பிறகும், கூலி கொடுத்துத் திறக்க எல்லோரும் முன்வரவில்லை. அந்தக் கோடுகளை இன்றும் காணலாம்.