ஒரு வினா, இரு விடைகள்

மைசூர்வாழ் தமிழர்க்குச் சீரங்கப்பட்டணம் அயலூர் அன்று. ஆயினும், அக்கோட்டையைக் காணச் செல்வோருள், திப்புவின் பெயரோடு யூதர் வரலாறும் பிணைந்துள்ளது என்பதை அறிந்தோர் சிலரே.

இரண்டாம் மைசூர்ப் போரில் (1780-1784) ஆங்கிலக் கம்பெனிப் படையைச் சேர்ந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர் என்பார் திப்புவிடம் சிறைப்பட்டார். மராத்தி வழக்கில் அவர் பெயர் சாமாஜி ஹசாஜி. எவ்வினத்தார் என வினவப்பட்டபோது, இசுரவேலின் மக்கள் எனப் பொருள்படும் ‘பெனே இசுரேல்’ என்று அவர் விடையிறுத்தார். திருக்குரானில் பேசப்படும் அம்மக்களுள் ஒருவரெனக் கேட்ட திப்புவின் அன்னையார் அவருக்காகப் பரிந்துரைத்தார் என்பர். இது செவிவழிச் செய்தியே. எனினும், உயிர் மீண்ட திவேகர் 1796-இல் பம்பாயில் ஒரு தொழுகைக்கூடம் நிறுவினார் என்பது வரலாறு. அந்நகரின் முதல் யூதத் தொழுகைக்கூடம் அதுவே.

இம்மக்களின் தோற்றம் யாது? கொங்கணக் கரையில் கப்பல் உடைந்து, எழுவர் ஆடவரும் எழுவர் மகளிரும் கரையேறினர் என்பது அவர்தம் மரபுரை. காலம் காட்டும் பழஞ்சான்று இல்லை. செக்காட்டி எண்ணெய் எடுத்த அவர்கள் சனிக்கிழமைதோறும் தொழில் நிறுத்தியமையால் ‘சனிவார் தேலி’ எனப்பட்டனர். எபிரேயம் மறந்து மராத்தி தாய்மொழியான பின்னும் ஓய்வுநாளை மறந்திலர். 2016-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அவர்களிடம் யூத மரபும் இந்திய மரபும் கலந்திருத்தலைக் காட்டிற்று.

1897-இல் பாசல் நகரில் முதல் சீயோனிய மாநாடு கூடியபோது, இறைவன் அழைக்கும் நாளுக்குக் காத்திருப்போம் எனக் கருதி இவர்கள் அதில் கலந்துகொள்ளவில்லை. 1948-இல் இசுரேல் நாடு அமைந்தபின் பல்லாயிரவர் அங்குக் குடிபெயர்ந்தனர். ஆங்கு அவர்களை எதிர்கொண்டதும் அதே வினாவே! 1962-இல் தலைமை மதகுருபீடம், இவர்கள் பிற யூதரை மணக்குமுன் முன்னோர் வழியை ஆராய வேண்டுமெனப் பணித்தது. அவர்கள் கிளர்ந்து போராடினர். 1964-இல் இசுரேல் நாடாளுமன்றம் இவர்களும் எல்லா வகையிலும் யூதரே என உறுதிசெய்தது.

பகைவர் சிறையில் சான்றின்றி ஏற்கப்பட்ட சொல்லுக்கு, தாயகம் என நம்பிச் சென்ற மண்ணில் சான்று கேட்கப்பட்டது. ஓரினத்தின் அடையாளத்தைக் குருதி கொண்டோ, அரசாணை கொண்டோ மட்டும் அளத்தல் இயலாது. வேற்றுமொழிச் சூழலில் தலைமுறைதோறும் விடாது காத்த ஒழுகலாறும் அதன் சான்றே. பிறமொழி மண்ணில் வாழும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று.