இருவர் பாய்ப்படகைத் தனியாகச் செலுத்துதல்

இருவர் ஓட்டுவதற்கென அமைந்த சிறு பாய்ப்படகை ஒருவரே சுக்கானும் பாயுமாகக் கையாளும் முறை இது. ஜாக் ஹோல்ட் 1949இல் வடிவமைத்த ஜிபி14 இத்தகைய படகு. நீளம் 14 அடி. வெற்றுடலின் எடை 133 கிலோ. ஒருவர் சுக்கானையும் பெரும்பாயையும் பார்க்க, மற்றவர் முன்பாயைப் பார்ப்பார். காற்று வரும் பக்கமாக உடலைச் சாய்த்து உட்கார்ந்து படகை நிமிர்த்தி வைப்பதும் அந்த மற்றவரின் வேலையே. தனியாகப் போகிறவருக்கு முதலில் குறைவது அந்த எடை.

இலங்கையின் மேற்குக் கரைக்கு ஆள் எடையின் இந்தக் கணக்கு பழையது. சிலாபம், நீர்கொழும்புக் கடலோரத்தின் ஓரு என்னும் பக்கமிதவைப் படகில், காற்று வலுக்க வலுக்க ஆட்கள் மிதவைக் கழிகள்மேல் ஏறி நின்று எடை கொடுப்பார்கள். எத்தனை பேர் ஏற வேண்டுமோ அதைக் கொண்டே காற்றை ஓராள் காற்று, ஈராள் காற்று என்று மீனவர்கள் அளந்ததாக 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்புகள் கூறுகின்றன.

ஈராள் காற்றில் ஓராள் போனால் பாயைச் சுருக்குவதைத் தவிர வழியில்லை. பெரும்பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டுவது ஒரு முறை. இதைக் கரையிலேயே செய்துவிடுவது நல்லது. முன்பாயை இறக்கிவிடுவது இன்னொரு முறை. கைக்கு வேலை குறையும், ஆனால் காற்றின் தள்ளுவிசை பின்னுக்கு நகர்வதால் அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், சுக்கான் கனக்கும். சுழன்று இறங்கும் வகை நடுப்பலகையைச் சற்றுத் தூக்கினால் அது பின்னோக்கிச் சாயும். நீரின் எதிர்ப்பும் பின்னுக்குப் போய்ச் சமநிலை திரும்பும்.

காற்றுக்கு எதிராகத் திரும்பும்போதுதான் தனியாளின் கை போதாமல் போகிறது. வேகம் குறைவாக இருந்தால் படகு பாதியில் காற்றுமுகத்தில் நின்றுவிடும். அப்போது பெரும்பாயை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால் படகு பின்னோக்கி நகரும். பின்னோட்டத்தில் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பதை நினைவில் வைத்துத் திருப்ப வேண்டும். சற்று ஓய்வெடுக்கவோ தண்ணீர் இறைக்கவோ வேண்டுமானால், முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, பெரும்பாயைத் தளர்த்தி, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கம் தள்ளி வைப்பார்கள். படகு மெல்ல மிதந்தபடி நிற்கும்.

ஓருவுக்குக் காற்றுக்கு எதிரான இந்தத் திருப்பமே கிடையாது. அதன் இரு முனைகளும் ஒத்தவை. மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும் என்பதால், பாயை மாற்றிப் பின்முனையை முன்முனையாக்கிப் புறப்படுவார்கள். ஒடுங்கிய நீர்வழியில் திரும்ப வேண்டாதபடி இரு பக்கமும் அணியம் கொண்ட கலங்களை இலங்கைக் கடலோடு சேர்த்து ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதினார்.

இந்தக் கரையில் எங்கே இறங்குவது என்பதைக் காற்றுதான் சொல்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்பக்கத்தில் அலையோடு கரையை நோக்கி வரும். ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புத்தளம் களப்புப் பக்கமோ குடாநாட்டின் மறைவில் அலையடங்கிக் கிடக்கும். அங்கே கட்டுப்பாடு இழந்த படகு வடகிழக்கே கலா ஓயா கழிமுகத்துக் கண்டல் காட்டுப் பக்கம் அடித்துச் செல்லப்படும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வாடை என்னும் வடகிழக்குக் காற்றில் நிலைமை மாறும்: கடற்பக்கத்தில் இறங்கியவரைக் காற்று ஆழ்கடலுக்குத் தள்ளும். தனியாளுக்கு அது கூடுதல் ஆபத்து.

களப்பின் பெரும்பகுதியில் ஆழம் ஓரிரு மீட்டரே. படகு முழுவதும் கவிழ்ந்தால் பாய்மர நுனி சேற்றில் குத்தி நிற்கும். அதைத் தடுக்க நுனியில் காற்றடைத்த மிதவை கட்டுவதுண்டு. கவிழ்ந்ததும் பாய்க்கயிறுகளைப் பிடிகளிலிருந்து விடுவித்து, அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிய பிறகே நடுப்பலகைமேல் ஏறி நிமிர்த்த வேண்டும். கயிறு இறுகியிருந்தால் நிமிர்ந்த படகு ஆளை விட்டுவிட்டு ஓடிவிடும். நீந்தி அதைப் பிடிக்க முடியாது.