கார்டிஃப் மைதானத்துச் சொல்லும் பாட்டும்

ரக்பி ஆட்டத்தில் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் பதித்தால் இன்று 5 புள்ளிகள். இதனை ஆங்கிலத்தில் ‘டிரை’ என்பர். முயற்சி என்பது பொருள். கைகூடிய ஒன்றை முயற்சி என்பானேன்? தொடக்கத்தில் அச்செயலுக்குப் புள்ளியே கிடையாது. கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைத்துக் கோல் போட்டுப் பார்க்கும் உரிமை மட்டுமே அதனால் கிட்டியது. விதிகள் மாறின, 1971இல் 4, 1992இல் 5 என மதிப்பும் உயர்ந்தது. பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. தேங்காயெண்ணெய் என்று சொல்கையில் நாம் எள்ளையா நினைக்கிறோம்? வேல்ஸ் மொழியில் இதற்குக் ‘கைஸ்’ என்று பெயர். அதற்கும் முயற்சி என்றே பொருள்; விண்ணப்பம் என்றும் பொருளுண்டு.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் உள்ள ‘ஆர்ம்ஸ் பார்க்’ மைதானத்தின் பெயரும் இத்தகையதே. ஆயுதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘கார்டிஃப் ஆர்ம்ஸ்’ என்ற விடுதியின் பின்புறத்து நிலம் அது. விடுதி என்றோ மறைந்துவிட்டது. அருகே 1999இல் எழுந்த பெரிய அரங்கமோ 2016இல் விளம்பரதாரர் ஒருவரின் பெயரைச் சூடிக்கொண்டது.

வேல்ஸ் ஆட்டமென்றால் பாட்டு. 1905 டிசம்பர் 16 அன்று நியூசிலாந்து அணி இம்மைதானத்துக்கு வந்தது. அச்சுற்றுப்பயணத்தில் அதுவரை தோல்வியே காணாத அணி. மாவோரி மரபின் ‘ஹாக்கா’வை அவர்கள் ஆடி முடித்ததும், டெடி மார்கன் ‘தந்தையரின் தொல்நாடு’ என்று பொருள்படும் பாடலைத் தொடங்கினார். கூட்டம் முழுவதும் சேர்ந்துகொண்டது. விளையாட்டுப் போட்டிக்கு முன் நாட்டுப் பண் பாடும் வழக்கத்துக்கு அதுவே தொடக்கம் என்பர். ஆட்டத்தின் ஒரே ‘டிரை’யை அடித்தவரும் அதே மார்கன்தான், 3–0 என வேல்ஸ் வென்றது. நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் பந்தைப் பதித்தாரா, இல்லையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை!

அப்பாடல் 1856இல் பாண்டிப்ரீத் என்ற ஊரில் பிறந்தது. நெசவாளரான தந்தை எவான் ஜேம்ஸ் சொற்களைத் தந்தார்; மகன் ஜேம்ஸ் ஜேம்ஸ் மெட்டமைத்தார். மைதானத்தில் அதைப் பாடியது தன்னெழுச்சியென்று நினைக்கத்தான் நமக்கு ஆசை. உண்மையில் ஹாக்காவுக்கு விடையாக அதைப் பாடலாம் என்ற யோசனையை முன்வைத்தவர் ரக்பி நிர்வாகிகளுள் ஒருவரான டாம் வில்லியம்ஸ்.

அதே பாண்டிப்ரீத்காரர்தான் டாம் ஜோன்ஸ். 1968இல் அவர் பாடிய ‘டிலைலா’வும் காலப்போக்கில் மைதானப் பாட்டாயிற்று. துரோகம் செய்தவள் என்று காதலியைக் கொன்றுவிடும் ஒருவனின் கூற்று அது. 2015இல் இடைவேளைப் பாடல்களிலிருந்து அதை நீக்கிய வேல்ஸ் ரக்பிச் சங்கம், 2023 பிப்ரவரியில் பாடற்குழுக்களும் அரங்கில் அதைப் பாடுவதில்லை என அறிவித்தது. மக்கள் மரபில் சங்கத்துக்கு என்ன வேலை என்று பலர் சினந்தனர். டாம் வில்லியம்ஸை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். நாட்டுப்புறப் பாடல்களை நடத்தும் வகுப்புகளில், கொலையைப் பாடுவது கொலையைப் போற்றுவதாகாது என்று நாமும் சொல்வதுண்டு. ஆனால் அங்கே கதை முழுதும் கேட்கப்படுகிறது. எழுபதினாயிரம் பேர் கூடும் அரங்கில் பல்லவிதான் ஒலிக்கிறது, செத்தவள் காணாமற்போகிறாள். சங்கத்தின் முடிவு சரியென்றே நமக்குப் படுகிறது. அது கட்டுப்படுத்துவது பாடற்குழுக்களை மட்டுமே. இருக்கைகளில் இருப்போர் வாயை அது மூடவில்லை.